அட்டைக் கடியும் குருதிக் கட்டியும்

புத்தளத்துக் கடற்கரையில் வந்திறங்கிய யாத்திரீகர் பலர். அவருள் ஒருவர் எழுதிவைத்த சிறு குறிப்பொன்று, உடற்பருமனைக் குறைக்கும் இன்றைய சத்திரசிகிச்சையோடு உறவுடையது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

மொரோக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரத்தவரான இபுனு பதூதா, 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டார். கலம் திசைதவறி இலங்கையை அடைந்தது. அவர் இறங்கிய பட்டினத்தின் பெயரைப் 'பத்தாலா' என எழுதுகிறார். அது புத்தளமே என்பர் ஆராய்ச்சியாளர். அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவாதமலையைக் காணவேண்டுமென்ற அவருடைய விருப்பத்துக்கு இணங்கிப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தனுப்பினார்.

அந்தப் பயணத்திலே அவர் அட்டையைக் கண்டார். நீரருகே மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர்மேற் பாய்வது அது. கடித்த இடத்திலே குருதி மிகுதியாகப் பெருகும். ஊரவர் எலுமிச்சம்பழத்தை, நாம் தேசிக்காய் என்போமே அதை, ஆயத்தமாக வைத்திருந்து அதன்மேற் பிழிவர் என்று எழுதுகிறார். பிழியாதிருந்து குருதியிழந்து மாண்ட ஒருவரின் கதையையும் கேட்டெழுதியிருக்கிறார். கதை மிகைப்பட்டதாயிருக்கலாம், குருதி பெருகுவதோ மெய். மலைக்குச் சென்றுவந்த அடியார் எவரும் அதை அறிவர். அட்டை விழுந்த பின்னும் குருதி வடிந்துகொண்டே இருக்கும்.

சிறு காயத்துக் குருதி சில நிமிடத்தில் உறைந்துவிடுவது இயல்பு. அட்டை கடித்தால் மட்டும் ஏன் உறைவதில்லை? நமது வைத்தியர்கள் அட்டை விடுதலை நெடுங்காலம் கையாண்டவர்கள். சுசுருத சங்கிதை அதற்குத் தனி அத்தியாயமே வகுத்தது. பயனை அறிந்தார்கள், காரணத்தை ஆராயவில்லை. 1884ஆம் ஆண்டில் ஜோன் பெரி ஹேக்ராவ்ட் என்பவர், வைத்தியத்துக்கு வளர்க்கப்படும் நீரட்டையின் தலையிலிருந்து எடுத்த சாறு குருதியை உறையவிடாது என்று காட்டினார். பின்னர் அப்பொருளுக்கு 'ஹிருடின்' என்று பெயரிட்டனர். உறைவது குருதியின் விதியன்று. தடுக்கத்தக்க ஒரு செயல் என்பது அதனாற் புலனாயிற்று.

தடுக்கவேண்டிய தேவை எங்கே வந்தது? காயத்தின் வாயில் உறையும் குருதி நமக்கு நண்பன். கட்டிலிற் கிடக்கும் நோயாளியின் காலிலே, ஆழமான நாளத்துள் உறையும் குருதியோ பகைவன். அது கழன்று, இருதயத்தின் வழியே சென்று, சுவாசப்பையின் குழாயை அடைத்தால் ஓரிரு நிமிடத்திலும் உயிர் போகும். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்து, வீடு செல்ல ஆயத்தமாகிய நோயாளி எழுந்து நின்றவுடன் சாய்ந்துவிடுவது அந்நாளில் வைத்தியரை நடுங்கவைத்த காட்சி. காலிற் பிறந்த கட்டியே சுவாசப்பைக்குப் பயணஞ் செய்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ.

அட்டையின் சாறு போதிய அளவிற் கிடைப்பது அரிது. 1916ஆம் ஆண்டில், பால்ட்டிமோரில் ஹவெல் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்திலே, ஜே மக்லீன் என்னும் மாணவர் வேறொன்றைத் தேடும்போது குருதியை உறையவிடாத பொருள் ஒன்றைக் கண்டார். அந்த வழியில் வந்ததே 'ஹெப்பரின்'. அது நோயாளிக்கு உதவும் மருந்தாவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. சத்திரசிகிச்சைக்கு முன்பே சிறிய அளவில் அதனை ஏற்றினால் உயிர் காக்கலாம் என்பதை ஐயமின்றி நிறுவியது, இந்திய வம்சாவளியினரான வைத்தியர் கக்கார் தலைமையில் நடந்து 1975இல் வெளியான ஆய்வு. நாலாயிரத்துக்கு மேற்பட்டோரில், மருந்து பெறாத பகுதியினருள் 16 பேர் சுவாசப்பை அடைப்பால் இறந்தனர். பெற்ற பகுதியினருள் இருவரே இறந்தனர்.

இரைப்பையைச் சுருக்கியோ குடலின் வழியை மாற்றியோ உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சை 1950களில் முளைத்து, 1966இல் அமெரிக்க வைத்தியர் எட்வேட் மேசனின் முறையோடு வேரூன்றியது. அதிலே கட்டியின் அச்சம் பெரிது. பருத்த உடலிற் கால் நாளங்களின் ஓட்டம் மந்தமானது. குருதியும் எளிதில் உறையும் இயல்புடையது. மயக்கமருந்தும் படுக்கையும் அதற்குத் துணைபோகும். ஆதலால் கெண்டைக்காலை அழுத்தித் தளர்த்தும் காற்றுறைகளை மேசையிலேயே அணிவிப்பர். உடலின் எடையையும் குருதிக்கசிவின் அபாயத்தையும் நோக்கி ஹெப்பரின் வகை ஊசியை அளவிடுவர். அன்றைக்கே எழுப்பி நடக்கவைப்பர். இம்மூன்றிலும் செலவில்லாதது நடையே. நோவென்று சொல்லிப் படுத்திருக்க விரும்புவோர் இதை எண்ணிப்பார்க்கவேண்டும். சிகிச்சைக்கு முன்னரும் வேலை உண்டு. புகைபிடிப்பதை நிறுத்தல், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் அதனை வைத்தியரிடம் சொல்லல், குடும்பத்தில் எவருக்கேனும் இக்கட்டி வந்திருந்தால் மறைக்காதிருத்தல் ஆகியன அவை.

புத்தளக் கரையிலே முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினர். ஹெப்பரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது என அறிந்து மனங்கலங்குவோர் உளர். உயிர்காக்கும் தேவையில் விலக்குண்டு என்பது மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. 'பொண்டாபரினக்ஸ்' போன்று விலங்கிலிருந்து எடுக்கப்படாத மருந்தும் இருக்கிறது. அது பொருந்துமா என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். இபுனு பதூதாவும் டில்லியிலும் மாலைதீவிலும் காதியாக இருந்தவரே. இவ்வினாவை அவர் வெறுத்திருக்கமாட்டார். ஊசியை வாய்பேசாது தவிர்ப்பதுதான் தவறு. சிகிச்சைக்கு முன்னரே கேட்டுவிடுங்கள்.

மற்றொன்று: இக்கட்டிகளிற் பல, வீடு திரும்பிய பின்னரே உண்டாகின்றன. ஆகையால் சிலருக்குச் சில வாரங்கள் வீட்டிலும் ஊசி தொடரும். ஆறிவிட்டேன் என்று தாமாக நிறுத்துதல் ஆகாது. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், நெஞ்சு குத்தினாலும், இருமலிற் குருதி கண்டாலும் விடியும்வரை பாராமல், புத்தளமோ சிலாபமோ, அண்மையிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

கொழும்பிற் சிகிச்சை முடித்துக் கற்பிட்டிக்குத் திரும்புவோர்க்குப் பல மணி நேரப் பயணம். வைத்தியர் அனுமதித்த பின்பே புறப்படுங்கள். இருக்கையிற் கால் மடக்கி உறங்கவேண்டாம், பாதங்களை அடிக்கடி மேலுங் கீழும் அசையுங்கள், நீர் அருந்துங்கள். சிலாபத்தில் வண்டி நிற்கும்போது இறங்கிச் சிறிது தூரம் நடந்து வாருங்கள். இபுனு பதூதா மலைக்குப் போகும் வழியிற் கண்டு, 'பந்தர் சலாவாத்' என்று எழுதிய ஊர் அதுவே என்பர்.