காலி கேஸ் சிலிண்டரை வெட்டலாமா?

பழைய சமையல் எரிவாயு சிலிண்டரை வெட்டி அடுப்போ, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியோ செய்ய நினைக்கிறீர்களா? வேண்டாம். அடுப்பு எரியாமல் போனாலும் சிலிண்டருக்குள் வாயு மிச்சம் இருக்கும்.

வால்வைக் கழற்றி வைத்தாலும் ஆபத்து தீராது. எரிவாயு காற்றைவிடக் கனமானது; அடியிலேயே தங்கும். உள்ளே போகும் காற்றில் அது சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால், கட்டிங் மெஷினின் ஒரு தீப்பொறியே வெடிக்கப் போதும். சிவகாசி, சாத்தூர் பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மருந்து அறையில் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது இந்தப் பொறிக்குப் பயந்துதான். அதே கவனம் வீட்டுப் பட்டறையிலும் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

• 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இணைப்பு வேண்டாம் என்றால் ஏஜென்சியில் ஒப்படையுங்கள். நீங்கள் கட்டிய வைப்புத்தொகையை ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

• வெல்டிங்குக்கான ஆக்சிஜன், அசிட்டிலீன் சிலிண்டர்களையும் வெட்டக் கூடாது. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

• அடுப்புக்குப் புதிய இரும்புத் தகடு, தண்ணீருக்கு சிமென்ட் தொட்டி போதும்.

• வாயுக் கசிவு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.