பக்கத்தில் நின்றவர்கள்: டெல்லி கணேஷும் மூன்று வேடங்களும்

டெல்லி கணேஷ் சின்னத்திரைக்கு வந்த கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். விமானப்படை, டெல்லி நாடக மேடை, ‘பட்டினப் பிரவேச’த்தில் பாலசந்தர் சூட்டிய பெயர் எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்தவை. ஆனால் 1987 தீபாவளிக்கும் 1990 தீபாவளிக்கும் நடுவே அவர் செய்த மூன்று வேடங்களைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ‘நாயகன்’. வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது. பம்பாயில் அவருக்கு வாயாக இருப்பவர் டெல்லி கணேஷின் ஐயர். பக்கத்தில் நிற்கும் அந்த எளிய மனிதர் மெய்யாகவே நடுங்குவதால்தான் நாயக்கரின் நிதானம் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் படத்துக்காகக் கமலுக்குத் தேசிய விருது கிடைத்தது, முறைதான். துணை நடிகர் விருது மலையாளத்தின் திலகனுக்குப் போனது. திலகனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் ஐயரை ஒருவரும் கண்டுகொள்ளாதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

1989 சித்திரைப் புத்தாண்டுக்கு ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தது. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், டெல்லி கணேஷ் என்று நான்கு வில்லன்கள். நால்வரில் என் ஆத்திரம் முழுவதும் டெல்லி கணேஷின் பிரான்சிஸ் அன்பரசு மேல்தான். நேற்றுவரை ஐயருக்காக இரக்கப்பட்ட கண்களே கமலின் அப்பு வைத்த பொறியில் இவர் மாட்டும்போது மகிழ்கின்றன. முகம் அதேதான், ஒட்டுமீசையோ தழும்போ கிடையாது.

அந்தப் படத்தின் இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ், வசனகர்த்தா கிரேசி மோகன் கூட்டணியிலேயே ஒன்றரை ஆண்டு கழித்து வந்தது ‘மைக்கேல் மதன காமராஜன்’. பாலக்காட்டு மணி ஐயர்! தாமிரபரணிக் கரை வல்லநாட்டில் பிறந்தவர் பாலக்காட்டுத் தமிழில் அப்படிக் குழைகிறார். கல்யாண சாம்பாரில் மீன் விழுந்ததும் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோமே, ஏன்? அந்தச் சமையற்கட்டின் ஆசாரத்தை மணி ஐயர் நம்மை முழுசாக நம்ப வைத்துவிட்டார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் மீன் வெறும் மீன்தான், வளர்ப்பு மகன் காமேஸ்வரனின் தவிப்புக்கும் பொருள் இருக்காது. வளர்த்த பிள்ளைமேல் அவர் வைத்திருக்கும் பாசம் வேடிக்கைக்கு நடுவிலும் கலங்க வைக்கும்.

இந்தப் படங்கள் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள எங்கள் திரிங்காப்புக்கு வீடியோ கேசட்டில்தான் வந்தன. குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரே வீட்டில் பலர் உட்கார்ந்து பார்ப்பார்கள். மறுநாள் தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் மணி ஐயர் மாதிரி பேசிப் பார்ப்பார்கள். கமல் மாதிரி பேசியவர்கள் குறைவு. கதாநாயகனாக முடியாது என்று தெரிந்த நமக்கு, அந்த முகம் சித்தப்பா முகமாகவும் தோட்டத்துக் கிராணி முகமாகவும் தெரிந்தது. 400 படங்களுக்கு மேல் நடித்தவருக்கு 1979இல் ‘பசி’க்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் 1994இல் கலைமாமணியும் கிடைத்தன. எனக்கு அவை போதாது.

நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடருக்குள் நுழைய இந்த வாரம் பக்கம் மிச்சமில்லை. சின்னத்திரை அடுத்த இதழில்.

(தொடரும்)