ஆடித்தபசுக்கு ஊருக்குப் போறீங்களா? தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்காகச் செய்ய வேண்டியது என்னென்ன?

ஆடித்தபசு வந்தால் சங்கரன்கோவில் நிரம்பி வழியும். சென்னை, திருப்பூர், கேரளா என வேலைக்குப் போன பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். தபசுக் காட்சி முடிந்து இரண்டொரு நாளில் எல்லோரும் பஸ், ரயில் ஏறிவிடுவார்கள். அதன் பிறகு பல வீடுகளில் அப்பா, அம்மா மட்டும்தான். சில வீடுகளில் இருவரில் ஒருவர் மட்டும்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லய்யா, நல்லாத்தான் இருக்கேன். நீ போயிட்டு வா" என்று சொல்லித்தான் பெற்றோர் வழியனுப்புவார்கள். அது பொய்யில்லை. பழகிய வீடு, பழகிய தெரு, தெரிந்த முகங்கள் என்று சொந்த ஊரிலேயே இருக்கத்தான் பலரும் விரும்புகிறார்கள். ஆனால், ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலோ, யோசிக்காமல் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலோ இந்தச் சுதந்திரம் ஒரே நாளில் பறிபோகலாம். இரண்டையும் முன்கூட்டியே தடுக்க முடியும். எப்படி?

கீழே விழுவது அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள். இதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைக் கடந்தவர்கள்.

வயதானால் எலும்பின் பலம் குறையும். சாதாரணமாக விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். வாரக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தால் படுக்கைப் புண், நுரையீரல் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதுவரை தானே சமைத்து, கடைக்குப் போய் வந்தவர், தண்ணீர் குடிக்கக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடும்.

வீட்டில் எதை மாற்ற வேண்டும்?

ஊரில் இருக்கும்போது ஒருநாள் ராத்திரி, படுக்கையில் இருந்து கழிவறை வரை அவர்கள் நடக்கும் வழியில் நீங்களும் நடந்து பாருங்கள். எங்கே இருட்டு, எங்கே படி, எங்கே வழுக்கும் என்பது அப்போதுதான் புரியும்.

- போகும் வழியில் விடிய விடிய எரியும் சின்ன பல்பு ஒன்று போடுங்கள்.
- கழிவறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். துணி காயப்போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது.
- குத்தவைத்து எழ முடியாதவர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோடு நாற்காலி உதவும்.
- தரையில் கிடக்கும் வயர், மடிந்த மிதியடி, தேய்ந்த செருப்பு மூன்றையும் அப்புறப்படுத்துங்கள்.
- பிபி மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். தலைசுற்றல் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.
- கண் புரை இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். பார்வை மங்கினால் படி தெரியாது.

மாதாந்திர மாத்திரைக்கு யார் அலைவது?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. இதன்படி சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். தேவைப்படுபவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியலாம்.

ரேஷனுக்கும் வழி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம், 70 வயதைக் கடந்தவர்கள் தனியாக வசிக்கும் வீடுகளுக்குப் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வந்தது. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ரேஷன் கடையில் விசாரியுங்கள்.

வீட்டைப் பிள்ளை பெயரில் எழுதி வைக்கலாமா?

திருவிழாவுக்கு எல்லோரும் கூடும்போது இந்தப் பேச்சும் சில வீடுகளில் வரும். "இப்பவே எழுதி வச்சிட்டா பின்னாடி பிரச்சனை இல்லல்லா?" என்று கேட்பார்கள். இங்கேதான் பெற்றோர் நிதானிக்க வேண்டும்.

உயில் எழுதினால், அது எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தான செட்டில்மென்ட் அப்படி இல்லை. பதிவு செய்து கொடுத்துவிட்டால் சொத்து கை மாறிவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், 'ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் வசிக்கும் உரிமை எனக்கு உண்டு. என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்டால்?

2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. பராமரிப்போம் என்ற நிபந்தனையில் சொத்தை வாங்கிக்கொண்டு பராமரிக்க மறுத்தால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 23-வது பிரிவு வழி செய்கிறது.

2025 ஜனவரி 2-ல் வழங்கிய தீர்ப்பில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு மார்ச்சில், அன்பின் பேரில் எழுதிய பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும் அது உள்ளடங்கியதாகவே கருதலாம் என்றது. ஆனாலும் நிபந்தனையை எழுத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சொத்தே இல்லாவிட்டாலும், தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம்.

மனுவை எங்கே கொடுப்பது? வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில். தென்காசி மாவட்டத்தின் இரண்டு வருவாய்க் கோட்டங்களில் சங்கரன்கோவிலும் ஒன்று. அதனால் சங்கரன்கோவில்காரர்கள் வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை.

சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

- 108: ஆம்புலன்ஸ். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.
- 14567: முதியோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை. ஆலோசனைக்கும், கைவிடப்பட்டவர்கள், கொடுமைக்கு ஆளாகுபவர்களின் உதவிக்கும். ராத்திரி அவசரத்துக்கு 108-தான்.
- 1930: போனில் மிரட்டியோ ஏமாற்றியோ பணம் பறித்தால் உடனே அழைக்க வேண்டிய சைபர் கிரைம் எண்.

இவற்றோடு பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, போன் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். வீட்டின் மாற்றுச் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்து வையுங்கள். அம்மா விழுந்துவிட்டால், திருப்பூரில் இருந்து மகன் வந்து சேர பல மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டு அக்கா ஒரே நிமிடத்தில் வந்துவிடுவார்.

எதைச் செய்தாலும் அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கைப்பிடியை எங்கே பொருத்துவது, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை எல்லாம் முடிவு செய்ய வேண்டியது அந்த வீட்டில் வாழ்பவர்கள்தான்.