பாறையும் பறையும்

செஞ்சியின் வரலாற்றைக் காத்தவர்கள் இருவகையினர். கோட்டை எவர் கைக்கு மாறியது என எழுதி வைத்தோர் ஒருவகை. 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராஜனைப் பாடி வைத்தோர் மற்றொரு வகை. பந்தேலா இராசபுத்திரனான அவனை இம்மண்ணின் மகனாக்கியதும், அவன் தோழன் மகபத்கானை மறவாதிருக்கச் செய்ததும் கதைப்பாடலே. 2025இல் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஊர்தோறும் பாடியவர்களின் பெயர்களோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

மேலைநாட்டு ராக் இசையின் வரலாறும் இத்தகையதே. ராக் என்றதும் நம்மூரார்க்குப் பாறையே நினைவுக்கு வரும். ராக் அண்ட் ரோல் என்னும் தொடரில் அச்சொல் குறிப்பது அசைவை, ஆட்டத்தை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாடல்களிலும் தேவாலயப் பாடல்களிலும் வேர்கொண்டு, 1950களில் அவ்விசை பரவிற்று. பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி 1952இல் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்', 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய பின்னரே உலகப் புகழ் எய்திற்று. முதலில் பாடியவர் பின்னுக்குத் தள்ளப்பட்டார்.

இந்தியாவுக்கு வந்த ராக், முதலில் ஆங்கிலம் பயின்ற நகர இளைஞரின் இசையாகவே இருந்தது. 1970, 1971ஆம் ஆண்டுகளின் சிம்லா பீட் போட்டிகள் அதற்குச் சான்று. தமிழகத்தில் அது தன் வேரைத் தேடிக்கொண்ட நாள் என 2018 சனவரி 6ஆம் நாளைச் சுட்டலாம். அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு அரங்கேறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லாட்சியினின்று பிறந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அம்மேடையில் கிதாரின் அருகே பறை முழங்கிற்று. ஆண்களின் களமாக இருந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இது மேலைநாட்டு இரைச்சல் என்பார் உளர். தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. திணைதோறும் ஒலித்த அக்கருவியைச் சாவுக்குரியது என்றும், ஒரு சாதிக்குரியது என்றும் ஒதுக்கியது பிற்காலச் சமூகம். கிதார் வந்து பறைக்குப் பெருமை சேர்க்கவில்லை. மறுக்கப்பட்ட மேடையைப் பறை மீட்டுக்கொண்டது என்பதே பொருந்தும்.

பத்தாண்டு நிறைவெய்தும் நம் வட்டத்துக் கவிஞர்கள் கோட்டையைப் பலமுறை பாடியிருக்கிறார்கள். அதன் அடிவாரத்தில் பறை முழக்கியோரையும், தேசிங்கு கதையைப் பாடித் திரிந்தோரையும் பாட வேண்டிய கடன் இன்னும் எஞ்சியிருக்கிறது.