மணலில் எழுதிய விரல்

1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். பால்மரம் பெருக, நம்மவர் லயங்களும் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார்! மணலில் விரலால் எழுதி, கூட்டமாகக் கத்திப் படித்தார்கள். பாட்டு மனப்பாடம்; அதிலுள்ள ஒரு சொல்லைத் தனியே காட்டினால் விழித்தவர்களும் உண்டு.

1983-இல் நாடெங்கும் வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கை முதன்மையாக்கி, விளையாட்டையும் வகுப்புக்குள் விட்டது. தரையில் கட்டம் போட்டு அம்மா, வீடு, பால் என்று எழுதி, ஆசிரியர் சொல்லும் சொல்மேல் பிள்ளையை நொண்டியடிக்கச் சொல்லலாம். "படிக்க அனுப்பினா ஆடுதுங்க" என்று கோபிக்காதீர்கள். எழுத்தைப் படிக்காமல் சரியான கட்டத்தில் கால் வைக்க முடியாதே! வீட்டு வாசலிலும் ஒரு கரித்துண்டு போதும்.