அழுகைக் கோச்சி

மன அழுத்தம் தீர நடைப்பயிற்சியும் நல்ல உறக்கமும் போதும் என்று எழுதுவது பத்திரிகைகளின் வழக்கம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் நாளெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவர்களுக்கு நடைக்கு என்ன குறை? அவர்களுடைய மனநோயின் வேர் வேறிடத்தில் இருந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எத்தனையோ ஒப்பந்தங்களைப் படித்திருக்கிறேன். மனிதரை இப்படிக் கூறுபோட்ட இன்னொன்றைக் கண்டதில்லை.

ஒரே லயத்தில் அண்ணன் இந்தியர், தம்பி இலங்கையர். முதியவர்களுக்குப் பெற்றோரைப் புதைத்த மண்ணைவிட்டுப் போகும் துயரம். நடுவயதினருக்கு, அக்கரையில் என்ன பிழைப்பு என்ற கவலை. இளையோருக்கோ கண்ணால் கண்டிராத ஊர் ‘தாயகம்’ ஆயிற்று. கடவுச்சீட்டுக்குக் காத்திருந்த ஆண்டுகளில் சாராயத்தைத் தேடியவரைக் குடிகாரர் என்று ஒதுக்கினார்கள். ஏன் குடித்தார் என்று கேட்டவர் சிலரே.

மலையகத்தில் இரயிலுக்குக் கோச்சி என்று பெயர். தலைமன்னாருக்கு இம்மக்களை ஏற்றிச் சென்ற வண்டி அழுகைக் கோச்சி ஆனது. 1984இல் கப்பல் நின்றது. எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 55.