செயல்வழிக் கற்றல்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் அட்டைகளைக் கொண்டு நடத்தப்பட்ட கற்பித்தல் முறை. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான மாதிரியைத் தழுவியது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த காலத்தில், 2003இல் அதன் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது.

பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சின்னம் அச்சிட்ட அட்டை இருக்கும். அட்டைகளின் வரிசையைக் காட்டும் கற்றல் ஏணி சுவரில் தொங்கும்; அதைப் பார்த்துக் குழந்தை தன் படியைக் கண்டுபிடிக்கும். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு தன் குழுவின் பாயில் உட்காரும். முதல் குழுவுக்கு ஆசிரியரின் முழுத் துணை உண்டு. அடுத்தடுத்த குழுக்களில் அது குறைந்து, சக மாணவர் உதவியாகவும் தனியே கற்பதாகவும் மாறும். வருகையைக்கூடப் பிள்ளைகளே பதிவார்கள். எழுதிப் பழக, கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை.

ஒரே அறையில் பல வகுப்புகளைச் சமாளிக்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இம்முறை ஏற்றது. இன்னொரு பெரிய லாபம்: காய்ச்சலில் ஒரு வாரம் வராத குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம்.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழியும், தொலையும். ஒன்று காணாமல் போனால் ஏணியே தடுமாறும். பதிவேடுகள் நிரப்பும் வேலையும் கூடவே வந்தது.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தே கற்பிக்கிறது.